கிருமி செய்த இன்சுலின் மாமாவின் உடம்பில் எப்படி வேலை செய்யும்?

ஆரணியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் சொல்கிறேன். அவருடைய மாமனாருக்கு 68 வயது. நாற்பது வருடம் பட்டுத்தறி ஓட்டியவர், சுத்த சைவம். ரொம்ப நாளாகச் சர்க்கரை, இரண்டு வருடமாக இன்சுலின் ஊசி. ப்ளஸ் டூ படிக்கும் பேத்தி போன வாரம் பாடப் புத்தகத்தைக் காட்டி, "தாத்தா, உங்க ஊசி மருந்து பாக்டீரியா செய்றது, அந்த பாக்டீரியா நம்ம குடல்ல இருக்கிற ஜாதி" என்று சொல்லிவிட்டாள். "மலத்துல இருக்கிற கிருமியோட சரக்கையா என் ரத்தத்துல ஏத்துறீங்க?" என்று கேட்டுவிட்டு, மூன்று நாளாக அவர் ஊசியைத் தொடவில்லை. சகோதரி கேட்பது இது: பேத்தி சொன்னது நிஜமா? நிஜமென்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி செய்த பொருள் மனிதனுக்கு எப்படிப் பொருந்தும்? "எல்லா உயிருக்கும் அடிப்படை வேதியியல் ஒன்றுதான்" என்று மகள் சொல்கிறாளே, அப்படியானால் ஆன்டிபயாடிக் மாத்திரை கிருமியை மட்டும் கொன்று நம்மை எப்படி விட்டுவைக்கிறது?

அன்புள்ள சகோதரிக்கு,

விளக்கமெல்லாம் அப்புறம். மூன்று நாள் ஊசி இல்லை என்றால், இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காமல், இன்சுலின் எழுதிக்கொடுத்த டாக்டருக்குப் போன் போடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இப்போதே ஒரு தடவை குத்திப் பார்த்து அந்த எண்ணையும் அவரிடம் சொல்லுங்கள். விட்டுப்போன டோஸை எல்லாம் சேர்த்து ஒரே ஊசியாகப் போட்டுவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள், சர்க்கரை தடாலென்று இறங்கி ஆள் மயங்கிவிடுவார். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம் என்று எது தெரிந்தாலும் போனெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். நான் சர்க்கரை டாக்டர் இல்லை. ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் உயிர்வேதியியல் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன், அதாவது உங்கள் மாமாவின் ரத்தம் குழாயில் வந்தால் அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்கிற ஆள். மருந்து விஷயத்தில் அவருடைய டாக்டர் சொல்வதுதான் கணக்கு. மற்றதற்கு நான் பதில் சொல்கிறேன்.

பேத்தி சொன்னது நிஜம். பெரும்பாலான இன்சுலின் ஈ.கோலை என்ற பாக்டீரியாவிலோ, ஈஸ்டிலோதான் தயாராகிறது. ஈஸ்ட் என்றால் பேக்கரியில் பன்னை உப்ப வைக்கிற அதே இனம், அல்லது அதன் சொந்தம். மாமா சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை மறைத்துப் பேசினால் பின்னால் பேத்தியே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவாள். 1978-ல் அமெரிக்காவில் முதன்முதலாக மனித இன்சுலினைச் செய்ய வைத்தார்களே, அந்த ஈ.கோலைக்கு கே-12 என்று பெயர். அதன் மூதாதை 1922-ல் ஒரு நோயாளியின் மலத்திலிருந்துதான் எடுக்கப்பட்டது. ஆனால் அன்றிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆய்வகக் கண்ணாடிக்குள்ளேயே வளர்ந்ததில், குடலுக்குள் காலூன்றி வாழும் சாமர்த்தியத்தையே அது பெரும்பாலும் தொலைத்துவிட்டது. கடைசியில் ஊசிக்குள் வருவதும் அந்தக் கிருமி இல்லை. கிருமியை உடைத்து, அதிலிருந்து ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிரித்து, பல கட்டமாகச் சுத்தம் செய்து, அதைத்தான் குப்பியில் அடைக்கிறார்கள்.

சைவம் பற்றி ஒரு வார்த்தை. அதே 1922 ஜனவரியில் டொரன்டோவில் ஒரு பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள், அது மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. அதற்குப் பிறகு அறுபது வருடம் உலகம் முழுக்கச் சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொண்டது மாட்டு இன்சுலின் அல்லது பன்றி இன்சுலின்தான். கசாப்புக் கூடங்களிலிருந்து டன் கணக்கில் கணையம் வர வேண்டும், அதிலிருந்து கிடைக்கும் மருந்தோ கையளவு. பாக்டீரியா இன்சுலின் 1982-ல் விற்பனைக்கு அனுமதி பெற்ற பிறகுதான் அந்த நிலை மாறத் தொடங்கியது. ஆக, சைவத்தை முன்னிட்டு ஊசியை நிறுத்துகிறவர் உண்மையில் சைவத்துக்கு ஆகாத பழைய மருந்துக்குப் பதிலாக வந்த மருந்தின் மேலேயே கோபித்துக்கொள்கிறார். இதை மாமாவிடம் நீங்கள் சொல்லாதீர்கள், மருமகள் சொன்னால் வேறு மாதிரி ஆகிவிடும், பேத்தியை விட்டுச் சொல்லுங்கள்.

சரி, மாட்டு இன்சுலின் மனிதனுக்கு எப்படி வேலை செய்தது? உங்கள் கேள்வியின் நடு இதுதான். இன்சுலின் ஒரு புரதம், புரதம் என்பது அமினோ அமிலங்களை மணி மாதிரி கோத்த மாலை. மனித இன்சுலினில் 51 மணிகள், இரண்டு சரமாக: ஒன்றில் 21, இன்னொன்றில் 30. பன்றியின் இன்சுலினை எடுத்து நம்முடையதன் பக்கத்தில் வைத்தால் ஒரே ஒரு மணிதான் வேறு. மாட்டில் மூன்று. மாட்டு இன்சுலினின் மணிகளை ஒவ்வொன்றாக எண்ணி வரிசை கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் சாங்கர். ஒரு புரதத்தின் முழு வரிசை தெரிந்தது அதுதான் முதல் தடவை, 1958-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த மணிகளில் மொத்தம் இருபது வகை. மாமாவின் கணையத்தில் இருபது, மாட்டில் அதே இருபது, வேப்பமரத்தில் அதே இருபது, ஈ.கோலையிலும் அதே இருபதுதான். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபத்தொன்றாவது உண்டு, அதை இப்போதைக்கு விடுங்கள். மாமா நாற்பது வருடம் கையாண்ட பட்டு நூலும் புரதம்தான்! பட்டுப்புழு தன் உடம்பில் கோத்த மாலை, அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட கிளைசின் என்ற மிகச் சின்ன மணி, அப்புறம் அலனின், செரின். மணிகள் சின்னதாக இருப்பதால்தான் சரங்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் படிந்து நூல் அவ்வளவு உறுதியாக இருக்கிறது. இன்சுலினின் சிறிய சரம் எந்த மணியில் தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? அதே கிளைசினில். புழுவின் கிளைசினையும் மாமாவின் கிளைசினையும் கலந்து என் மேசையில் வைத்தால், எது யாருடையது என்று எந்த இயந்திரத்தாலும் சொல்ல முடியாது.

மணிகள் ஒன்று என்பதால் மட்டும் பாக்டீரியா மனித இன்சுலினைக் கோத்துவிடாது. எந்த மணிக்குப் பிறகு எந்த மணி என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும், சொல்வது அதற்குப் புரியவும் வேண்டும். இதற்கு மாமாவின் தறியைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. தறியில் டிசைன் போடுகிற ஜக்கார்டு பெட்டியில் அட்டை மாட்டுவார்கள் அல்லவா? அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் இழை மேலே தூக்கும், ஓட்டை இல்லாத இடத்தில் தூக்காது, அவ்வளவுதான். மயில் என்றோ மாங்காய் என்றோ அந்தப் பெட்டிக்குத் தெரியாது. காஞ்சிபுரத்தில் குத்திய அட்டையை ஆரணித் தறியில் மாட்டினால், பெட்டி அதே அளவுப் பெட்டியாக இருக்கும்வரை, அதே மயில்தான் விழும். டிஎன்ஏ அந்த அட்டை. நாலே எழுத்து, மூன்று மூன்றாகப் படித்தால் 64 சொற்கள், அதில் 61 சொற்கள் ஏதோ ஒரு மணியைக் குறிக்கும், மிச்சம் மூன்றும் "இத்தோடு நிறுத்து" என்று சொல்லும். மனிதனின் இன்சுலின் அட்டையை ஈ.கோலைக்குள் வைத்தார்கள், அது ஓட்டையைப் பார்த்து நெய்தது. தான் நெய்வது மனிதச் சரக்கு என்று அதற்கு எப்படித் தெரியும்?

இந்தச் சொற்களில் முதல் சொல்லுக்குப் பொருள் தெரிந்தது 1961-ல். அமெரிக்காவில் நிரன்பர்க், மத்தேய் என்ற இருவர், யு என்ற ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பக் கோத்த செயற்கை ஆர்என்ஏவை (டிஎன்ஏ அட்டையின் நகல் மாதிரி), உடைத்த ஈ.கோலையின் சாற்றில் ஊற்றினார்கள். ஃபினைல் அலனின் என்ற ஒரே மணியால் ஆன மாலை வந்து விழுந்தது. ஆக யு-யு-யு என்றால் ஃபினைல் அலனின். இன்சுலினின் நீளச் சரம் தொடங்குவதும் ஃபினைல் அலனினில்தான், நம் மரபணுவில் அந்த இடத்தில் இருக்கும் சொல்லும் அதேதான் (டிஎன்ஏவில் யு-வுக்குப் பதில் டி என்று எழுதியிருக்கும்). பிறகு மீதிச் சொற்களையும் அவிழ்த்தார்கள், அதில் பெரும்பங்கு பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவுடையது, 1968 நோபல் பரிசில் நிரன்பர்க்கோடு அவருக்கும் பங்கு. இதற்கிடையே 1967-ல் நிரன்பர்க்கின் ஆய்வகத்திலேயே பாக்டீரியா, தேரை, கினிப் பன்றி மூன்றையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றும் அட்டையை ஒரே மாதிரிதான் படித்தன. நான் கல்லூரியில் இதைப் படித்தபோது பரீட்சைக்கு ஐந்து மார்க் என்பதற்கு மேல் தோன்றவில்லை, வேலைக்கு வந்து பல வருடம் கழித்து ஒருநாள் ரீஏஜென்ட் (பரிசோதனைத் திரவம்) பாட்டில் லேபிளைச் சும்மா படித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

அந்த லேபிள் கதையைச் சொல்லாமல் விட மனசில்லை, ஏனென்றால் மாமா இன்சுலினுக்கு முன்பிருந்தே வேற்று உயிர்களின் சரக்கை நம்பித்தான் வாழ்கிறார். அவருடைய ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பல ஆய்வகங்களில் இப்படித்தான் பார்க்கிறோம்: ரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த பிளாஸ்மாவில் சில மைக்ரோலிட்டர் எடுத்து ஒரு திரவத்தில் விடுவோம். அந்தத் திரவத்தில் இரண்டு நொதிகள், அதாவது வேதிவினையை வேகப்படுத்துகிற புரதங்கள். ஒன்று குளுக்கோஸ் ஆக்சிடேஸ், ஒரு கறுப்புப் பூஞ்சையிலிருந்து வருவது, வெங்காயத்தின் மேல்தோலில் கரிப்பொடி மாதிரி படிந்திருக்குமே, அந்தக் கூட்டம். இன்னொன்று பெராக்சிடேஸ், ஹார்ஸ்ராடிஷ் என்ற, கடுகுக் குடும்பத்துக் கார வேரிலிருந்து. பூஞ்சையின் நொதி குளுக்கோஸைப் பிடித்து ஆக்சிஜனோடு சேர்க்கும், ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், வேரின் நொதி அதை வைத்து நிறம் ஏற்றும். சில நிமிடங்களில் தண்ணீர் மாதிரி இருந்தது ரோஸ் நிறமாகும். சர்க்கரை கூடக் கூட ரோஸ் அடர்த்தி கூடும், 505 நானோமீட்டர் ஒளியில் அதை அளந்தால் ரிப்போர்ட்டில் வரும் எண் ரெடி. மனித ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் வெங்காயப் பூஞ்சைக்கு எப்படி அடையாளம் தெரிகிறது? அது தின்கிற குளுக்கோஸும் இதேதான் என்பதால். வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பின் நுனியிலும் இப்படி ஒரு நுண்ணுயிரின் நொதிதான் தடவியிருக்கும்.

அதே ரிப்போர்ட்டில் அடுத்த வரி யூரியா. வயலுக்கு மூட்டை மூட்டையாகப் போடுகிறோமே, அந்த யூரியாவும் ரத்தத்தில் இருக்கும் யூரியாவும் ஒரே மூலக்கூறு. 1828-ல் ஜெர்மனியில் வோலர் என்பவர் எந்த உயிரின் உதவியும் இல்லாமல் குடுவையில் யூரியாவைச் செய்து காட்டினார், சிறுநீரகம் இல்லாமலே யூரியா செய்துவிட்டேன் என்று தன் ஆசிரியருக்கு எழுதினார். நாங்கள் அதை அளக்க எடுப்பது யூரியேஸ் என்ற நொதி, அது வருவது ஜாக் பீன் என்ற அவரையிலிருந்து, நம் ஊர்த் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தம். ஒரு நொதியை முதன்முதலில் படிகமாக்கியதும் இதே அவரையிலிருந்துதான், 1926-ல். செய்தவர் ஜேம்ஸ் சம்னர், 17 வயதில் வேட்டையில் நடந்த விபத்தில் இடது கையை இழந்தவர், ஒற்றைக் கையால் ஆய்வகத்தில் என்ன செய்ய முடியும் என்று கேட்டவர்கள் உண்டு. கொடியில் காய்க்கும் அவரையின் நொதி மாமாவின் சிறுநீரக நிலவரத்தைச் சொல்கிறது! அவர் இதற்கு ஆட்சேபித்தால், அவரை சைவம்தானே என்று சொல்லிக்கொள்ளலாம்.

இன்னும் ஒன்று, இது எனக்கு ரொம்பப் பிடித்தது. சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கும்போது சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விடுவார்கள், கவனித்திருப்பீர்கள். உள்ளே சோடியம் ஃப்ளோரைடு இருக்கும். ஏனென்றால் குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, பசித்தால் சாப்பிடும், சாப்பிட அங்கே இருப்பது பிளாஸ்மாவின் குளுக்கோஸ். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு ஐந்திலிருந்து ஏழு சதவீதம் சர்க்கரை குறைந்துகொண்டே போகும், வெயில் காலத்தில் இன்னும் வேகம். ஒருமுறை வெளியூர்ச் சேகரிப்பு மையம் ஒன்றிலிருந்து சாம்பல் மூடி தீர்ந்துவிட்டதென்று சிவப்பு மூடிக் குழாயில் அனுப்பிவிட்டார்கள், பஸ்ஸில் நாலு மணி நேரம். சர்க்கரைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அன்று அருமையான ரிப்போர்ட்! ஒருவர் போன் செய்து இனி மாத்திரையைக் குறைத்துக்கொள்ளலாமா என்று கேட்டபோதுதான் எங்களுக்குப் பொறி தட்டியது, எல்லாரையும் திரும்ப வரச்சொல்லி ரத்தம் எடுத்தோம்.

சிவப்பணு குளுக்கோஸை என்ன செய்கிறது? பத்துப் படிகளில் உடைத்து, கடைசியில் லாக்டிக் அமிலமாக்குகிறது. ராத்திரி உறை ஊற்றிய பால் காலையில் தயிராகிறதே, அந்தப் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பால் சர்க்கரையிலிருந்து வரும் குளுக்கோஸை அதே பத்துப் படிகளில்தான் இறக்கி லாக்டிக் அமிலமாக்குகின்றன, புளிப்பு அதனால்தான். உறைகிற பாலுக்கும் குழாயில் நிற்கிற ரத்தத்துக்கும் ஒரே சமையல் குறிப்பு. மாடிப்படி ஏறி ஓடினால் கால் தசையிலும் அதே பத்துப் படிதான். ஈஸ்ட் மட்டும் பத்தாவது படி தாண்டியதும் வேறு பக்கம் திரும்பிச் சாராயமாக்கிவிடும். ஃப்ளோரைடு இந்தப் பத்தில் ஒன்பதாவது படியைச் செய்கிற ஈனலேஸ் என்ற நொதியை முடக்குகிறது, அதனால் சிவப்பணு சாப்பாட்டை நிறுத்துகிறது. பல் இடுக்கில் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கிப் பல்லை அரிக்கிற பாக்டீரியாவிடமும் அதே ஈனலேஸ் உண்டு. பற்பசையில் ஃப்ளோரைடு சேர்ப்பது முக்கியமாகப் பல்லின் மேற்பூச்சை உறுதியாக்கத்தான், கூடவே அந்தப் பாக்டீரியாவின் ஈனலேஸுக்கும் கொஞ்சம் அடி விழுகிறது. ரத்தம் எடுக்கிற குழாயில் ஒரு துளி, பிரஷ்ஷில் ஒரு துளி, தாக்குவது ஒரே நொதியை.

இந்த உடைப்பிலிருந்து கிடைக்கிற சக்தியையும் எல்லா உயிரும் ஒரே நாணயத்தில்தான் வாங்கிக்கொள்கின்றன, அதற்கு ஏடிபி என்று பெயர். வேப்பிலை, வண்டு, காளான், மாமா எல்லாருக்கும் அதே சில்லறை. ஒரு நாளில் நம் உடம்பு செலவழித்துத் திரும்பச் செய்துகொள்ளும் ஏடிபி ஏறக்குறைய நம் எடையளவு வரும், ஆனால் எந்த நேரத்திலும் கையிருப்பு சில பத்து கிராம்தான், அவ்வளவு வேகமாகக் கை மாறுகிறது. இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தி வந்ததற்காகப் பேராசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளாகி, முழு எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்காமல் எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தவர். ஹார்வர்டுக்குப் போய் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1929-ல் தசையிலிருந்து ஏடிபியைப் பிரித்தார், அதே வருடம் ஜெர்மனியில் லோமன் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். நான் படித்த காலத்தில் ரத்தத்தில் பாஸ்பரஸ் அளக்க ஃபிஸ்கே–சுப்பாராவ் முறைதான், திரவம் நீலமாகும், கை முழுக்கக் கறை. அந்தப் பெயரில் வரும் சுப்பாராவ் சென்னையில் படித்தவர் என்று வகுப்பில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இப்போது மகளின் வாக்கியத்துக்கு வருவோம். "அடிப்படை ஒன்று" என்பது சரி, "எல்லாமே ஒன்று" என்று அவள் நினைத்தால் தவறு. ஆன்டிபயாடிக் பிழைப்பது அந்த வித்தியாசத்தில்தான். அமாக்ஸிசிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாது, நம் செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது. அசித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் எல்லாம் அட்டை பார்த்து மணி கோக்கிற தறியைத் தாக்குகின்றன, ரைபோசோம் என்று பெயர். தறி நமக்கும் உண்டு, ஆனால் பாக்டீரியாவின் தறியில் சில கட்டைகள் வேறு அளவு, மருந்து அந்த இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும், நம்முடையதில் அவ்வளவாக மாட்டாது. சல்ஃபா மருந்து இன்னும் சுவாரசியம்: பாக்டீரியா தன் ஃபோலிக் அமிலத்தைத் தானே செய்துகொள்கிறது, நாம் கீரையிலும் பயறிலும் வாங்கிக்கொள்கிறோம், அதனால் செய்யும் இடத்தில் பூட்டுப் போட்டால் நமக்கு நட்டமில்லை. பூஞ்சை நோய்களுக்கு மருந்து ரகம் குறைவாக இருப்பதற்கும் பக்கவிளைவு அதிகமாக இருப்பதற்கும் இதுவே காரணம், பூஞ்சை பாக்டீரியாவைவிட நமக்கு நெருங்கிய சொந்தம், அதை அடிக்கும்போது நம் மேலும் படாமல் அடிக்கிற இடம் கிடைப்பது கஷ்டம். எல்லாருக்கும் பொதுவான இடத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு மரவள்ளியைப் பாருங்கள். அதிலுள்ள சயனைடு, செல் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற கடைசிப் படியையே அடைக்கும், இலையைத் தின்ற ஆட்டுக்கும் அதே கதி, கசப்புக் கிழங்கைச் சரியாக வேக வைக்காமல் தின்ற மனிதனுக்கும் அதே கதி. அதனால்தான் தோலைச் சீவி, நன்றாக வேக வைத்து, தண்ணீரைக் கொட்டச் சொல்கிறார்கள்.

அட்டை படிக்கிற மொழியிலும் வட்டார வழக்கு உண்டு. சிவப்பணுவைத் தவிர, மாமாவின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன உறுப்பு இருக்கிறது, அதற்குத் தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ. செல்லின் பிற இடத்தில் "நிறுத்து" என்று படிக்கப்படும் ஒரு சொல்லை அங்கே ஒரு மணியின் பெயராகப் படிக்கிறார்கள், 1979-ல் தெரிந்த விஷயம். ஆரணித் தமிழும் நாகர்கோவில் தமிழும் மாதிரி, ஓரிரு சொல் இடறும், மொழி ஒன்றுதான்.

பாக்டீரியாவால் எல்லாம் முடிந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் கணையம் முதலில் ஒரு நீளமான ஒற்றைச் சரமாகக் கோத்து, மடித்து, நடுவில் 31 மணித் துண்டு ஒன்றை நறுக்கி எடுத்துவிடும், அதன் பிறகுதான் இரண்டு சரமும் கந்தகப் பிணைப்போடு சேர்ந்து நிற்கிற இன்சுலின். ஈ.கோலைக்கு அந்த நறுக்கும் வேலை தெரியாது, 1978-ல் இரண்டு சரத்தையும் தனித்தனியாகச் செய்ய வைத்துப் பிறகு மனிதர்கள்தான் சேர்த்தார்கள். இதில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு லாபம். மனித இன்சுலினை ஊசியில் போட்டுக்கொண்ட ஒருவருடைய ரத்தத்தில் இன்சுலினை அளந்தால், எவ்வளவு சொந்தக் கணையம் சுரந்தது, எவ்வளவு பாக்டீரியா செய்தது என்று எங்களால் பிரிக்கவே முடியாது, மூலக்கூறில் ஒரு அணுகூட வித்தியாசமில்லை. அதனால் நறுக்கி எறிந்த அந்த 31 மணித் துண்டை அளக்கிறோம், சி-பெப்டைட் என்று ரிப்போர்ட்டில் வரும். கணையம் சுரந்தால் அந்தத் துண்டும் கூடவே ரத்தத்தில் விழும், ஊசி மருந்தில் அது இருக்காது. மாமாவின் டாக்டர் எப்போதாவது சி-பெப்டைட் எழுதிக்கொடுத்தால் இதற்காகத்தான்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாமாவின் குப்பியில் கிளார்ஜின் மாதிரிப் பெயர் இருந்தால் அது வேண்டுமென்றே இரண்டு மூன்று மணி மாற்றிச் செய்தது, மெதுவாகக் கரைந்து நாள் முழுக்க வேலை செய்வதற்காக. அது நம் இன்சுலின் மாதிரியே என்று சொல்ல முடியாது, ஆனாலும் அதன் மணிகளும் அந்த இருபதுக்குள்தான். பழைய நாட்களில் விலங்கு இன்சுலினில் அசுத்தம் கலந்து ஊசி போட்ட இடம் வீங்கியவர்கள், குழி விழுந்தவர்கள் உண்டு, மாமாவின் தயக்கத்தில் அப்படி யாரையாவது பார்த்த நினைவு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். சில சமயம் சொல்கிற காரணம் ஒன்று, உள்ளே இருக்கிற பயம் வேறு. வயிற்றில் குத்திக் குத்தி ஒரே இடம் கட்டி தட்டியிருந்தாலும் மனிதர் ஊசியை வெறுப்பார், அதற்கு இடம் மாற்றிப் போட்டாலே போதும்.

அடுத்த தடவை ரத்தம் கொடுக்கப் போகும்போது பேத்தியையும் கூட்டிப் போங்கள். கூட்டம் இல்லாத நேரமாக, பதினொரு மணிக்கு மேல், உள்ளே இருக்கும் டெக்னீஷியனிடம் சர்க்கரை டெஸ்ட்டில் ரோஸ் நிறம் வருவதைக் கையால் ஒரு குழாயில் செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், பாதிப் பேர் சந்தோஷமாகக் காட்டுவார்கள். மாமாவும் பார்க்கட்டும், நாற்பது வருடம் சாயம் பார்த்த கண், எந்தக் குழாயில் சர்க்கரை அதிகம் என்று இயந்திரத்துக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார்.

டாக்டரிடம் பேசியாகிவிட்டதா?